புகார் ஆப்பை வைத்து ஒரு வார்டை ஆராய்வது எப்படி: பெங்களூருக்கான செய்முறை

டிஜிட்டல் வழி மக்கள் பங்கேற்பு என்று தலைப்பு எடுத்தவுடன் பலரும் செய்கிற முதல் வேலை, மாநகராட்சிப் புகார்க் கோப்பை இறக்கி, எந்த வார்டில் எத்தனை புகார் என்று எண்ணுவது. ஒரு வார்டில் எண் குறைவாக வந்தால் "இங்கே விழிப்புணர்வு குறைவு" என்று எழுதிவிடுகிறார்கள். ஹலசூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் போலத் தமிழர் நிறைந்த பகுதிகளில் இந்த முடிவு ஏறக்குறைய எப்போதும் தப்பு. தெருவில் சாக்கடை பொங்கினால் ஜனங்கள் சும்மா இருப்பதில்லை. கட்சிக்காரரிடம் சொல்கிறார்கள், சங்கத்து ஆளிடம் சொல்கிறார்கள், போன் கையாளத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்கிறார்கள். புகாரில் பதிவாவது அந்தப் பையனின் போன் எண் மட்டும். ஒரே எண்ணிலிருந்து நாற்பது புகார் வந்தால், அதற்குப் பின்னால் நாற்பது வீடு இருக்கலாம், ஒரே ஆளும் இருக்கலாம். ஆகவே ஆப்பிலிருந்து வீட்டுக்குப் போகாமல், வீட்டிலிருந்து ஆப்புக்கு வாருங்கள்.

ஒரு வார்டு, ஓராண்டு, ஒரு கேள்வி போதும். "தெருப் பிரச்சினை வந்தவர்களில் எத்தனை பேர், எந்த வழியாக, எதுவரை போனார்கள்?" என்று வைத்துக்கொள்ளலாம். "எதுவரை" என்பதை அளக்க, ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எழுதிய பங்கேற்பு ஏணி இன்றும் உதவும். முடிவெடுப்பதில் மக்களுக்கு எவ்வளவு இடம் என்பதைப் படிப்படியாகக் காட்டும் ஏணி அது. அதில் எட்டுப் படி. மூன்றாவது, அரசு மக்களுக்குத் தகவல் சொல்வது; நான்காவது, மக்களிடம் கருத்துக் கேட்பது. புகார் ஆப் பெரும்பாலும் இந்த இரண்டைத் தாண்டாது. எட்டையும் அப்படியே களத்துக்குக் கொண்டுபோனால் குழப்பம்தான். ஐந்தாகச் சுருக்குங்கள்: யாரிடமும் சொல்லவில்லை; சொன்னார், பதில் இல்லை; பதில் வந்தது; வேலை நடந்தது; எந்த வேலை முதலில் என்று முடிவு செய்வதில் அவர் பேச்சும் சேர்ந்தது.

அடுத்தது கோப்பு. ஓபன்சிட்டி என்ற திறந்த தரவுத் தளத்தில் பெங்களூர்ப் புகார்த் தரவு ஆண்டுவாரியாகக் கிடைக்கிறது. திறந்ததும் வார்டுப் பெயர் உள்ள பத்தியை (column) பாருங்கள். 198 வார்டாக இருந்த நகரத்துக்கு 2022இல் 243, 2023இல் 225 என்று எல்லைகள் அறிவிக்கப்பட்டன. 2025 செப்டம்பரில் பிபிஎம்பியே (அதுவரை இருந்த பெங்களூர் மாநகராட்சி) ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. ஒரே பெயருள்ள வார்டு இரண்டு பட்டியலில் இரண்டு பரப்பாக இருக்கும். எந்தப் பட்டியல் என்று உறுதி செய்யாமல் ஆண்டுகளை ஒப்பிட்டால் வரைபடம் அழகாக வரும், பொருள் இருக்காது. பெயரின் எழுத்துக்கூட்டலும் பலவிதமாக இருக்கும். தரவைச் சுத்தம் செய்யும் ஓபன்ரிஃபைன் மென்பொருளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒழுங்காகிவிடும்.

பிறகு நிலைப் பத்தி. "முடிக்கப்பட்டது" என்பதை "சரியானது" என்று படிக்காதீர்கள். ஒரு மோரி (சாக்கடை) புகாரை எடுத்துக்கொள்வோம். தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியின் வேலை. மேன்ஹோல் வழியே பொங்கும் கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் வேலை, அதற்கான உதவி எண் 1916. மழைநாளில் இரண்டும் ஒன்றாகத்தான் ஓடும், வீட்டுக்காரருக்கு எல்லாமே மோரிதான். மாநகராட்சிக்குப் போன புகார் "வேறு துறை" என்ற குறிப்போடு முடிக்கப்படலாம். கணக்கில் அது ஒரு வெற்றி, வாசலில் தண்ணீர் அப்படியே நிற்கும். ஆகவே ஊழியர் குறிப்புப் பத்தியில் 200 வரிசையைக் குலுக்கலில் எடுத்துக் கையால் வகைப்படுத்துங்கள். இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து, கோஹன் கப்பா (இருவர் வகைப்படுத்தியதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) 0.7க்குக் கீழே வந்தால் வகைகளின் விளக்கத்தைத் திருத்தி மறுபடி செய்யுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் ஆய்வின் பாதி உயிர் இதில் இருக்கிறது.

கோப்பில் இல்லாததைத் தகவல் உரிமை மனுவில் கேட்கலாம். கர்நாடக விதிப்படி ஒரு மனுவுக்கு ஒரே பொருள், சாதாரணமாக 150 சொல்லுக்குள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். தமிழில் எழுத முடியாது. கன்னடம், இந்தி அல்லது ஆங்கிலம். வார்டு கமிட்டிக் கூட்டக் குறிப்பு ஒரு மனு, புகார் வந்த தேதியும் முடிந்த தேதியும் உள்ள பட்டியல் இன்னொரு மனு. "ஏன் கூட்டம் நடக்கவில்லை" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கள வேலைக்கு மூன்று மாதம் முன்பே மனுவைப் போட்டுவிடுவது நல்லது.

இனி வீடுகள். 95 சதவீத நம்பகத்தில் 8 சதவீதம் முன்பின் பிழை போதுமென்றால் 150 பேர் தேவை. வீடுகளை நகரெங்கும் சிதறலாக எடுக்காமல் கொத்துக் கொத்தாக எடுப்பதால் அதை 1.5ஆல் பெருக்கினால் 225. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் 250. வார்டின் வாக்குச்சாவடிப் பாகங்களில் (ஒரு வாக்குச்சாவடிக்கு உட்பட்ட பகுதி ஒரு பாகம்) பத்தைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் 25 வீடு. வாக்காளர் பட்டியலில் இருந்து பெயர்களை மட்டும் எடுக்காதீர்கள். வாடகைக்கு வந்தவர்கள் அதில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். பாகத்தின் எல்லையை வைத்துக்கொண்டு தெருவில் வீட்டை எண்ணிப் போங்கள். ஒரே கேட்டுக்குள் ஆறு குடித்தனம் இருந்தால், தனி அடுப்பு இருப்பதெல்லாம் தனி வீடு. இதை விட்டால் உள்வீட்டுக்காரர்கள், அதாவது போன் குறைவாக உள்ளவர்கள், கணக்கிலிருந்து கழன்றுவிடுவார்கள். வீட்டில் யாரிடம் கேட்பது? அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரிடம். இல்லையென்றால் கதவைத் திறக்கும் ஆண்தான் எப்போதும் பதில் சொல்வார். இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 33 சதவீதம் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இந்த இடைவெளி உங்கள் வார்டில் எவ்வளவு என்பதே தனி அத்தியாயம் ஆகலாம்.

காலை பதினொரு மணிக்குப் போனால் முதியவர்கள்தான் இருப்பார்கள். மாலை ஆறரையிலிருந்து எட்டரை, ஞாயிறு காலை என்று பிரித்துக்கொண்டு, பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை போங்கள். ஒருவர் ஒரு நாளில் எட்டு நேர்காணல்தான் ஒழுங்காகச் செய்ய முடியும். இரண்டு பேர் என்றால் பதினாறு நாள்.

கேள்வித்தாளில் "பங்கேற்பு" என்ற சொல்லே வேண்டாம். "நீங்க பங்கேற்கிறீங்களா?" என்றால் கோயில் திருவிழாவைப் பற்றிச் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்:

"கடைசியா உங்க தெருவுல என்ன பிரச்சினை வந்துச்சு? யார்கிட்ட சொன்னீங்க? நேர்லயா, போன்லயா, ஆப்லயா? அந்த போன் யாரோடது? கம்ப்ளைண்ட் நம்பர் வந்துச்சா? அதுக்கப்புறம் என்ன ஆச்சு?"

"யாரோடது" என்ற கேள்வியை விடவே கூடாது. இடையில் நிற்கும் ஆள் அதில்தான் தெரிவார். புகார் எண் இருந்தால் எஸ்எம்எஸ்ஸைக் காட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பின் வரிசையோடு பொருத்திப் பார்க்கலாம். முதலில் இருபது பேரிடம் சோதித்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அச்சடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ படித்தவர்கள் இங்கே ஏராளம். தமிழ் எழுத்து ஓடாது. வாய்விட்டுப் படித்துக்காட்டி, சம்மதத்தைக் குரலில் பதியுங்கள். தெரு வாட்ஸ்அப் குழுக்களுக்குள் சொல்லாமல் நுழைந்து பார்ப்பது ஆய்வு ஆகாது. அட்மின் சம்மதித்தாலும் குழுவில் அறிவித்து, வேண்டாம் என்பவரின் செய்திகளை விட்டுவிட வேண்டும். செய்தியை அப்படியே மேற்கோள் காட்டாமல், பொருளை மட்டும் எழுதுங்கள். ஒரே தெருவில் யார் பேச்சு என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும்.

வெளிநாட்டு ஒப்பீட்டில் நிதானம் வேண்டும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் 1989இல் தொடங்கிய, நகரச் செலவை முடிவு செய்வதில் மக்களைச் சேர்க்கும் மக்கள் பட்ஜெட்டும், பார்சிலோனாவில் 2016இல் வந்த டெசிடிம் என்ற இணையவழிப் பங்கேற்புத் தளமும், தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலும் செலவழிக்கப் பணமும் உள்ள இடங்களில் நடந்தவை. இங்கே 2020 செப்டம்பரில் கவுன்சில் பதவிக்காலம் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் மாநகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. அந்தக் காலத்துத் தரவை வைத்து ஆப்பின் திறமையை மட்டும் எடை போட முடியாது. வீதம் கணக்கிடும்போது 2011 கணக்கெடுப்பின் மக்கள்தொகையைக் கீழே போட்டால், பிறகு வளர்ந்த வார்டு எல்லாம் அதிகம் புகார் செய்வதாகத் தோன்றும். உங்கள் வீட்டுப் பட்டியலையே வகுஎண்ணாக வையுங்கள். மழை மாதத்தை மழை மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அறிக்கையின் முதல் அட்டவணையில் ஐந்து வரிசை. "யாரிடமும் சொல்லவில்லை" என்பது மேலே வரட்டும். ஆப்பில் வந்த புகார், மற்ற வழிகளோடு ஒரு பத்தியாக.