ஸ்ட்ரீமிங்கில் வரும் 5.1 ஒலியின் தரத்தை வீட்டில் அளப்பது எப்படி?

5.1 என்பது ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனிச் சேனலாக வரும் ஒலி. முதலில் ரிசீவரின், அதாவது ஒலியைப் பெற்று ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் கருவியின், திரையைப் பாருங்கள். அங்கே ஸ்ட்ரீமிங்கின் 5.1 ஒலி வடிவமான 'டால்பி டிஜிட்டல் பிளஸ்' என்று வராமல் 'பிசிஎம் 2.0' என்று வந்தால், ஒலி இரண்டு சேனலாகச் சுருங்கித்தான் வந்து சேர்கிறது. செயலியிலும் டிவியிலும் உள்ள ஒலி அமைப்பைச் சரிசெய்யாமல் அளப்பது வீண். நெட்ஃபிளிக்ஸ் 2019-இல் அறிவித்தபடி, அதன் 5.1 ஒலி இணைய வேகத்திற்கேற்ப நொடிக்கு 192 முதல் 640 கிலோபிட் வரை மாறுவதால், படம் ஓடத் தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்தே பதிவைத் தொடங்குங்கள்.

அதற்கு முன் அறையை அளந்துவிட வேண்டும். இல்லையெனில் சுவர்கள் செய்யும் பிழையை ஸ்ட்ரீமிங்கின் தலையில் கட்டிவிடுவோம். மின்விசிறியை நிறுத்தி, அளவீட்டு மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்து, அதற்குரிய அளவுத்திருத்தக் கோப்பை (மைக்கின் சொந்தப் பிழையைச் சரிசெய்யும் கோப்பு) 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியே 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை சோதியுங்கள்.

ஆனால் இணையத்தில் அனுப்ப ஒலித் தரவைச் சுருக்குவதால் ஏற்படும் நுண்ணிய இழப்பு அறையின் இரைச்சலில் மூழ்கிவிடும் என்பதால், அதை மைக்கால் பிடிக்க முயல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. ரிசீவரின் பிரீ-அவுட்டிலிருந்து (பெருக்கப்படாத ஒலி வெளிவரும் துளை) ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் கருவி) வழியாக நேரடியாகப் பதிவுசெய்து, அதே காட்சியின் புளூ-ரே பதிவுடன் ஒலியளவைச் சமன்செய்து ஒப்பிடுங்கள். மழை, கைத்தட்டல் போன்ற காட்சிகளில்தான் வேறுபாடு எளிதில் வெளிப்படும். ஒவ்வொரு துளியின் கூர்மையான தொடக்கமும் மங்கிச் சலசலப்பாகக் குழைந்திருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டிற்கும் ஒலிக்கலவையே வேறாக இருக்கவும் கூடும். அப்படியானால் அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள்.