வெட்டிய செடி மறுபடி துளிர்த்தால் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கிளைகளை வெட்டிய முருங்கை மறுபடி தழைத்துவிட்டது. இதைச் சொல்லப் பேச்சு ஆங்கிலத்தில் "க்ரோ பேக்" போதும். 'மறுபடி தழைத்தது' என்ற வரிசையிலேயே "அகெய்ன் க்ரூ" என்று சொல்பவர்கள் நிறைய. ஆங்கிலக் காதுக்கு அது ஒட்டாது. 'பேக்' வினைக்குப் பின்னால் வரும், குரல் அழுத்தமும் அதில்தான் விழும்.

காலத்துக்கேற்ப மாறுவது முதல் சொல் மட்டும்: க்ரோ, க்ரூ, க்ரோன். 'க்ரோட்' என்று ஒன்று கிடையாது. போன வருஷ நிகழ்ச்சி என்றால் "இட் க்ரூ பேக்". தழைத்து நிற்பதைக் கண்ணெதிரே காட்டினால் "இட் ஹாஸ் க்ரோன் பேக்". இப்போதுதான் துளிர் தெரிகிறதா, "இட்ஸ் க்ரோயிங் பேக்". கறிவேப்பிலையைக் கவாத்து செய்யுமுன் நர்சரிக்காரரிடம் கேட்க வேண்டியது: "வில் இட் க்ரோ பேக்?"

அதிகம் தடுக்குவது இங்கே: "இட் வாஸ் க்ரோன் பேக்" தவறு. செடி தானாகத் துளிர்க்கிறது, யாரும் துளிர்க்க வைக்கவில்லை. எனவே செயப்பாட்டுவினை பொருந்தாது. 'அகெய்ன்' சேர்ப்பதும் பெரும்பாலும் வீண், 'மறுபடி' என்பது 'பேக்'கிலேயே அடங்கியிருக்கிறது. இரண்டாம் முறை வெட்டி, மீண்டும் துளிர்த்தால் சேர்க்கலாம். எங்கிருந்து என்று சொல்ல "ஃப்ரம் த ரூட்ஸ்", "ஃப்ரம் த ஸ்டம்ப்" என்று பின்னால் இணைத்தால் வாக்கியம் தெளிவாகிவிடும்.

நாமே முயன்று வளர்த்தால் "ரீக்ரோ" நல்லது. வெங்காயத்தாளின் வேர்ப்பகுதியைத் தண்ணீரில் வைத்து வளர்ப்பதை "யூ கேன் ரீக்ரோ ஸ்பிரிங் ஆனியன்ஸ் இன் வாட்டர்" என்பார்கள். விதையோ உருளைக்கிழங்கோ முளை விட்டால் "ஸ்ப்ரவுட்". வாழைக்கு மட்டும் கவனம்: தார் வெட்டிய மரம் திரும்ப வளர்வதில்லை, பக்கத்தில் கன்றுதான் வருகிறது. ஆகவே "நியூ சக்கர்ஸ் கேம் அப்".

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் பட்டுப்போனதுபோல் கிடந்து, வசந்தத்தில் தலைகாட்டும் செடிக்கு "இட் கம்ஸ் பேக் எவ்ரி இயர்" என்பதே வழக்கம். "ரீஜெனரேட்" அறிவியல் கட்டுரைக்கும் காடு மீள்வதைப் பேசவும் உரியது. வீட்டுத் தோட்டப் பேச்சில் கனமாக ஒலிக்கும்.

முடிக்கும் நகத்துக்கும் இதே "க்ரோ பேக்" தான்: "மை ஹேர் க்ரூ பேக்". தாடியைத் திரும்ப வளர்த்தவரைப் பற்றி "ஹி க்ரூ ஹிஸ் பியர்ட் பேக்" எனலாம். அப்போது வளரும் பொருள் இரண்டு சொற்களுக்கும் நடுவில் உட்காரும்.