எதிர்க்கடையில் இருக்கிறதே என்று மெஷின் வாங்காதீர்கள்

நெல்லை டவுன் ரதவீதியானாலும் மேலப்பாளையம் பஜாரானாலும், சின்னக் கடைக்குள் டிஜிட்டல் நுழைவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றுதான். வாடிக்கையாளர் ‘அண்ணாச்சி, ஜிபே இருக்கா?’ என்கிறார். ஆடிட்டர் ஜிஎஸ்டி கணக்கு கேட்கிறார். வெளியூர் ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. இல்லையென்றால், எதிர்க்கடையில் மெஷின் வைத்துவிட்டார்கள். முதல் மூன்றும் நியாயமான தேவை. நாலாவதற்காக மட்டும் காசைப் போட்டால் மெஷின் மூன்றே மாதத்தில் துணி மூடிக் கிடக்கும்.

அதிகம் அடிபடும் இடம் கல்லாப்பெட்டிதான். க்யூஆர் அட்டையை மகன் கணக்கில் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். மகன் சென்னைக்கு வேலைக்குப் போனதும் பணம் வந்த செய்தி அவன் போனில் அடிக்கிறது. இங்கே கடையில் இருப்பவர், வாங்க வந்தவர் நீட்டும் பச்சை டிக்கை நம்பிச் சரக்கைக் கட்டிக் கொடுக்கிறார். அதே பச்சை டிக்கைக் காட்டும் போலி ஆப்கள் உண்டு. அதனால் க்யூஆர் கடைக்காரர் பெயரில், தனிக் கரண்ட் அக்கவுண்டில் இருக்கட்டும். வீட்டுக் கணக்கில் வாங்கினால் சீட்டுப் பணமும் விற்பனையும் கலந்து வருஷக் கடைசியில் பிரிக்க முடியாது. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் வைத்து, அதன் சத்தம் கேட்ட பிறகே பொட்டலம் கை மாற வேண்டும். பாக்ஸுக்கு மாத வாடகை எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். கடை திறந்ததும் வேறொரு போனிலிருந்து 1 ரூபாய் அனுப்பி, யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். உங்கள் அட்டை மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பில்லிங் சாஃப்ட்வேரில் ஸ்டாக் தாறுமாறாகக் காட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அலகுதான். சீனியை 50 கிலோ மூட்டையாக வாங்கி ‘1’ என்று பதிவார்கள், விற்பது கால் கிலோ, அரைக் கிலோவாக. மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதை முதலிலேயே பதிந்துவிடுங்கள். எல்லாச் சரக்கையும் ஒரே நாளில் ஏற்ற உட்காராதீர்கள். வேகமாக ஓடும் 20 சரக்கில் தொடங்கினால் போதும். தீபாவளி நெருக்கத்தில் மட்டும் ஆரம்பிக்கவே கூடாது.

வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பதைப் பிடித்துக்கொண்டு பெங்களூருக்கு அல்வா பார்சல் போடுகிறார்கள். மாநிலம் தாண்டினால் அந்த விலக்கு கிடையாது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்துகொண்டு வெளி மாநிலத்துக்கு விற்கவே முடியாது. அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் பதிவில் சலுகை உண்டு. உங்கள் சரக்கு அதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பத்தமடைக் கல்யாணப் பாய்க்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பவர்கள் மணமக்கள் பெயரை வாய்ஸ் மெசேஜில் வாங்கக் கூடாது. காதுக்கு ‘சரண்யா’வும் ‘சரன்யா’வும் ஒன்றுதான். நெய்த பிறகு ஓர் எழுத்தைப் பிரிக்க முடியாது. பெயர், நீள அகலம், நிறம் மூன்றையும் எழுத்தில் வாங்கி, அதையே திருப்பி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வந்த பிறகு தறியில் ஏற்றுங்கள்.