ரைப் பண்ணும்போது புது விண்டோ குறுக்கே வருகிறதா? லினக்ஸில் சரிசெய்யும் முறை

காணி விண்ணப்பம் ஒன்றை ரைப் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். இடையில் பயர்பொக்ஸைத் திறக்கச் சொல்லிவிட்டு, அது வரும்வரை இன்னும் ரெண்டு வரி அடிப்போம் என்று தொடர்கிறீர்கள். திடீரென்று பயர்பொக்ஸ் முன்னால் வந்து நிற்கிறது. பாதிச் சொல் விண்ணப்பத்தில், மீதி தேடல் பெட்டியில். கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடைகளில் ஓடும் பழைய ஹார்ட் டிஸ்க் கணினி என்றால் காத்திருக்கும் நேரம் கூட, ஆகவே இந்தத் தொல்லையும் கூட. அடித்துக்கொண்டிருந்தது பாஸ்வேர்ட் என்றால் இன்னும் மோசம்.

நீங்கள் அடிக்கும் எழுத்து எந்த விண்டோவுக்குப் போகிறதோ, அதனிடம்தான் ஃபோகஸ் இருக்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பது விண்டோ மனேஜர். மெனுவில் நீங்கள் அழுத்திய நேரம் புது விண்டோவோடு கூடவே வரும். அதற்குப் பிறகு நீங்கள் வேறு விண்டோவில் ஏதாவது அடித்திருந்தால், புதியதைப் பின்னால் நிறுத்திவைக்க விண்டோ மனேஜரால் முடியும். விண்டோக்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலாண்டில் நேரத்துக்குப் பதில் ஒரு டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு மாதிரி ஒன்று. அதைக் காட்டாத செயலிக்குப் பொதுவாக ஃபோகஸ் கிடைக்காது. நீங்களே திறந்த விண்டோ சிலவேளை பின்னால் ஒளிந்திருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஈதான் தோதான டெஸ்க்டொப், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் செற்றிங்ஸ் மனேஜரைத் திறந்து, விண்டோ மனேஜர் ட்வீக்ஸ் என்பதற்குள் போங்கள். அங்கே ஃபோகஸ் என்ற பக்கத்தில் 'அக்டிவேற் ஃபோகஸ் ஸ்டீலிங் பிறிவென்ஷன்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குச் சரி அடையாளம் போடுங்கள். கணினியை மறுபடி தொடங்கத் தேவையில்லை.

அடுத்து, ட்வீக்ஸ் இல்லாத வெறும் விண்டோ மனேஜரைத் திறந்து, அதன் ஃபோகஸ் பக்கத்தையும் பாருங்கள். புதிய விண்டோக்களுக்குத் தானாக ஃபோகஸ் கொடுக்கும் தெரிவு அங்கே உண்டு. அதை எடுத்துவிட்டால் எந்தப் புது விண்டோவையும் ஒருதரம் கிளிக் செய்தபிறகே எழுத வேண்டிவரும். அது எரிச்சல், அப்படியே விட்டுவிடுங்கள்.

இனிச் சோதனை. லிப்ரே ஒபிஸை மெனுவில் அழுத்திவிட்டு, உடனே வேறு விண்டோவில் கிளிக் செய்து எதையாவது அடித்துக்கொண்டே இருங்கள். ஒபிஸ் குறுக்கே வராமல், கீழ்ப்பட்டியில் அதன் பொத்தான் மட்டும் கவனத்தைக் கேட்டால் வேலை முடிந்தது. இரண்டாம் தடவை அது சீக்கிரம் திறந்துவிடும். ஆகவே கணினியைப் போட்ட கையோடு சோதிப்பதே நல்லது.

லினக்ஸ் மின்ட்டின் சினமன் டெஸ்க்டொப்பில், சிஸ்டம் செற்றிங்ஸில் விண்டோஸ் பகுதியில் இதே தடுப்பு இருக்கிறது. உபுண்டுவின் க்னோம் டெஸ்க்டொப் முன்னிருப்பாகவே ஓரளவு தடுக்கும். 'தயார்' என்ற அறிவிப்பு மேலே வந்தால், அதை அழுத்தினால் விண்டோ முன்னுக்கு வரும். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் விண்டோவில்) இருந்து திறப்பவையும் குறுக்கிடக்கூடாது என்றால், உள் அமைப்புகளை மாற்ற உதவும் டிகொன்ஃப் எடிட்டரில் 'ஃபோகஸ் நியூ விண்டோஸ்' என்பதைத் தேடி, 'ஸ்மார்ட்' என்றிருப்பதை 'ஸ்ட்ரிக்ட்' ஆக்குங்கள்.

எனக்குப் பிடித்தது கேடிஈ டெஸ்க்டொப்பின் ஏற்பாடு. விண்டோ பிஹேவியர் பக்கத்தில் தடுப்பை ஐந்து நிலைகளில் கூட்டிக் குறைக்கலாம். தொடக்கத்தில் 'லோ' இருக்கும், 'மீடியம்' வரை போய்ப் பாருங்கள். ஒரேயொரு செயலிதான் தொல்லை என்றால், விண்டோ ரூல்ஸில் அதற்கு மட்டும் தனி விதி எழுதலாம். மற்றவை பழையபடியே இருக்கும்.