பதினாறாம் சதுரம்: பள்ளி நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் 1785-ல் ஒரு நில அளவைச் சட்டம் வந்தது. மேற்கே பரவிக்கொண்டிருந்த நாட்டை ஆறு மைலுக்கு ஆறு மைல் என்று வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 36 சதுரங்களாகப் பிரித்தார்கள். ஒரு சதுரம் 640 ஏக்கர். வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி, ஏர் ஓட்டுவதுபோல ஒரு வரிசை இடப்பக்கமாக, அடுத்த வரிசை வலப்பக்கமாக எண் போட்டுக்கொண்டே போனால், 16 கிட்டத்தட்ட நடுவில் வந்து விழும். அந்தப் பதினாறாம் சதுரம் அந்த ஊர்ப் பள்ளிக்கு. 1848-ல் ஆரெகன் பகுதிக்கு 36-ம் சதுரமும் சேர்ந்தது. வறண்ட யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களுக்குச் சதுரம் நான்கானது. (அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்த பழங்குடி மக்களை யாரும் கேட்கவில்லை. அது தனியாக எழுத வேண்டிய கதை.)

இன்றும் மேற்கு மாநிலங்கள் பலவற்றில் இந்த நிலங்கள் மேய்ச்சலுக்கும், மரம் வெட்டவும், எண்ணெய் எடுக்கவும், கடை கட்டவும் குத்தகைக்குப் போகின்றன. எண்ணெய், கனிம ராயல்டியும் (எடுத்த சரக்கின் மதிப்பில் நிலத்துக்காரருக்குத் தரும் பங்கு) நிலம் விற்ற பணமும் பெரும்பாலும் ஒரு நிரந்தர நிதியில் சேரும். அதன் வருமானமும் ஆண்டு வாடகையும் பள்ளிக்குப் போகும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மாதிரியான தவறுகள் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. குத்தகைதாரர் அலுவலகத்துக்கு வருவார், சட்டமன்ற உறுப்பினருக்குப் போன் போடுவார். மாணவர் எந்த ஏலத்துக்கும் வருவதில்லை. தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, இதை அரசு நிலம் என்று நினைப்பது. பட்டா மாநிலத்தின் பேரில் இருந்தாலும் மாநிலம் வெறும் அறங்காவலர். நியூ மெக்சிகோ ஒருமுறை இந்த நில வருமானத்தில் 3 சதவீதத்தை எடுத்து, குடியேற்றத்தை ஈர்க்க மாநிலத்துக்கே விளம்பரம் செய்யப் பார்த்தது. மாநிலம் வளர்ந்தால் நில விலை ஏறும், பள்ளிக்கும் நல்லதுதானே என்பது வாதம். 1919-ல் உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. அரிசோனாவின் நெடுஞ்சாலைத் துறையும் இதே பாட்டைத்தான் பாடியது: சாலை வந்தால் மிச்ச நிலத்துக்கு மவுசு கூடும், அதனால் சாலை போட எடுக்கும் நிலத்துக்குக் காசு தர வேண்டாம். 1967-ல் வந்த தீர்ப்பு, முழு மதிப்பையும் கொடு என்றது. பொதுக் காரியம்தானே என்று சும்மா கேட்கும் எந்தத் துறைக்கும் இதுதான் பதில். சாலையால் ஊருக்கு நன்மை இருக்கலாம், ஆனால் செலவை ஏன் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் ஏற்க வேண்டும்?

இரண்டாவது, எனக்குத் தெரிந்து அதிகம் நடப்பது: பழைய குத்தகைதாரருக்குச் சலுகை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதேதான். வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளி நிலத்து மரங்களை ஏலத்தில் எடுத்த கம்பெனிகள், சந்தை விழுந்ததும் ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொள்ளச் சட்டமன்றமே வழி செய்து கொடுத்தது. மாநில உச்ச நீதிமன்றம் 1984-ல் அதை ரத்து செய்தது. ஐடஹோவில் இன்னும் வேடிக்கை. அங்கே ப்ரீஸ்ட் ஏரி, பேயெட் ஏரிக் கரைகளில் பள்ளி நிலத்தில் தனியார் விடுமுறை வீடுகள் இருந்தன. வீடு அவர்களுடையது, அடிமனை பள்ளியுடையது. அந்த மனைகளுக்கு மட்டும் போட்டி ஏலமே வேண்டாம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். ஏரிக்கரை மனைக்கு! 2012-ல் அதுவும் செல்லாது என்று ஆனது. அதே மாநிலத்தில் 1990-களில் ஒரு மேய்ச்சல் ஏலத்தில், கேட்கவே கேட்காத பழைய பண்ணையாளருக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, ஏலம் கேட்ட சூழலியல் அமைப்பை ஒதுக்கினார்கள். நீதிமன்றம் அதை விடவில்லை. மாடு மேய்ப்பவர் மட்டும்தான் மேய்ச்சல் நிலத்துக்குக் காசு தர வேண்டுமா என்ன? மாடே வராமல் பார்த்துக்கொள்ள ஒருவர் காசு தந்தாலும் பள்ளிக்கு அது காசுதான்.

பழைய குத்தகைதாரர் நிலத்தை நன்றாக வைத்திருப்பார், அவரை ஒரே நாளில் துரத்துவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் போட்ட வேலிக்கும் கிணற்றுக்கும் மதிப்புப் போட்டு, புதிதாக வருபவர் அந்தத் தொகையைக் கொடுக்கும்படி ஏல நிபந்தனையிலேயே எழுதலாம். வாடகையைக் குறைப்பது அதற்கு வழியல்ல.

அடுத்தது நீண்ட குத்தகை. 19-ம் நூற்றாண்டு மிசிசிப்பியில் பதினாறாம் சதுரங்களை 99 ஆண்டுக் குத்தகைக்கு அற்பத் தொகைக்குக் கொடுத்தார்கள். கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 100 டாலர் நிலையான வாடகை என்று எழுதுகிறீர்கள். விலைவாசி ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால், 24 ஆண்டில் அந்த 100 டாலரின் மதிப்பு பாதியாகும். 99-வது ஆண்டில் அது வாங்கும் சரக்கு இன்றைய 5 டாலர் சொச்சத்துக்குத்தான். கட்டடம் கட்டுபவருக்கு நீண்ட காலம் தேவைதான், இல்லாவிட்டால் வங்கி கடன் தராது. காலத்தை நீட்டலாம், வாடகையை உறைய வைக்கக் கூடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கனிமத்துக்கும் இதே விதி. எல்லாச் சுரங்கத்துக்கும் 5 சதவீத ராயல்டி என்று அரிசோனா வைத்திருந்த சட்டம், மதிப்பீடே செய்யாததால் 1989-ல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது.

சரி, பேசாமல் விற்றுவிட்டால்? நெவாடா அதைச் செய்து பார்த்தது. சுமார் 40 லட்சம் ஏக்கரை மத்திய அரசிடம் விட்டுக்கொடுத்து, 1880-ல் தான் விரும்பிய 20 லட்சம் ஏக்கரை வாங்கிக்கொண்டு, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விற்றது. மிச்சம் சுமார் 3,000 ஏக்கர். டெக்சஸில் மேற்குப் பொட்டல் நிலத்தைப் பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1923 மே மாதம் அங்கே சான்டா ரீட்டா என்ற கிணற்றில் எண்ணெய் பொங்கியது. அதற்காக எதையும் விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. நாலாபுறமும் வேறு நிலம் சூழ்ந்து, போக வழியே இல்லாத சதுரத்தை மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். விற்றாலும் அடியில் உள்ள கனிம உரிமையைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

விற்ற பணத்தை எங்கே போட்டார்கள் என்பது இன்னொரு வலி. வடக்கு மிசிசிப்பியில், சிக்கசா மக்களிடமிருந்து 1832-ல் வாங்கப்பட்ட பகுதிக்கான பள்ளி நிலத்தை விற்று, பணத்தை ரயில் கம்பெனிகளுக்குக் கடனாகக் கொடுத்தார்கள். உள்நாட்டுப் போரில் ரயிலும் போனது, கடனும் போனது. விதைநெல்லையே தொலைத்த கதை. 1984-ல் அங்கே ஒரு மாணவருக்கு இந்த வகையில் கிடைத்தது 63 சென்ட், மாநிலத்தின் மற்ற பகுதியில் 75 டாலருக்கு மேல் என்று உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் கணக்குக் காட்டப்பட்டது.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத தவறு. நிலத்திலிருந்து பத்து ரூபாய் வந்தால், சட்டமன்றம் பட்ஜெட்டில் பத்து ரூபாயைக் குறைத்துவிடும். பள்ளிக்கு ஒன்றும் கூடாது, கேட்கவும் ஆள் இருக்காது. யூட்டாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நில நிதி வருமானம் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகப் போகிறது. பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த ஒரு குழு உட்கார்ந்து, இந்த ஆண்டு அதை எதற்குச் செலவிடலாம் என்று திட்டம் போடுகிறது. அந்தக் குழுவில் உட்காரும் பெற்றோர், போன வருடத்தைவிடத் தொகை ஏன் குறைந்தது என்று கேட்பார். அடுத்த கேள்வி, அந்தச் சதுரத்தை யாருக்கு, என்ன வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்பதாக இருக்கும்.