பழைய தோட்ட டிராக்டரைப் புதுப்பிக்க: உதிரிபாகங்களையும் கையேடுகளையும் தேடிக் கண்டடையும் முறை

பழைய தோட்ட டிராக்டரை முழுவதும் பிரித்துப் போட்டுவிட்டு, அதன் பிறகு உதிரிபாகம் தேடக் கிளம்புவதுதான் பலரின் வழக்கம். வரிசையை மாற்றிக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். வண்டி எது என்பதை முதலில் எண்களைக் கொண்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அடுத்து அதன் உதிரிபாகப் பட்டியலைத் தேடி எடுக்க வேண்டும். ஸ்பேனருக்கு வேலை அதற்குப் பின்னர்தான்.

1960களிலும் 1970களிலும் அமெரிக்காவில் வெளிவந்த சிறிய தோட்ட டிராக்டர்களில், பானெட்டின் மேல் பெயர் பொறித்த நிறுவனம் தன் கையால் செய்த பாகங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அடிச்சட்டமும் தகட்டு வேலையும் பெரும்பாலும் அதனுடையவை. சில வண்டிகளில் கியர்பெட்டியும் அதனுடையது. இன்ஜின் கோலர், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், டெகம்சே, ஓனன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிலிருந்து வந்திருக்கும். இன்ஜினைக் கிளப்பவும் பேட்டரிக்கு மின்னேற்றவும் ஒருசேரப் பயன்படும் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் பெரும்பாலும் டெல்கோ-ரெமி. பல வண்டிகளின் பின்அச்சுக் கியர்பெட்டி பீர்லெஸ். எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியானால் பம்ப் சண்ட்ஸ்ட்ராண்டாகவோ ஈட்டனாகவோ இருக்கக்கூடும். ஆகவே டிராக்டர் நிறுவனம் மூடப்பட்டுவிட்டது என்பதற்காகப் பாகமே கிடைக்காது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாகத்தை உண்மையில் செய்தவர் யார், அவர் அதற்கு இட்ட எண் என்ன என்று கண்டுபிடிப்பதே தேடலின் உயிர்நாடி.

எண்களைப் படித்தல்

டிராக்டரின் மாடல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. வரிசை எண்ணும் வேண்டும். ஜான் டீர் 110 மாடல் 1963இல் அறிமுகமாகிப் பத்தாண்டுகளுக்கு மேல் அதே பெயரில் வெளிவந்தது. 7 குதிரைத்திறன் இன்ஜினுடன் தொடங்கிய அந்த வண்டி பிறகு 8 குதிரைத்திறனுக்கு மாறியது. மட்கார்டின் வடிவமும் இடையில் மாறியது. உதிரிபாகப் பட்டியலில் ஒரே பாகத்துக்கு இரண்டு மூன்று வரிகள் இருப்பதையும், ஒவ்வொன்றின் அருகிலும் ‘இந்த வரிசை எண் வரை’, ‘இந்த வரிசை எண் முதல்’ என்று குறித்திருப்பதையும் காணலாம். வரிசை எண் தெரியாதவர் அந்த இடத்தில் ஊகித்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இன்ஜினுக்குத் தனி எண்கள் உண்டு. கோலர் கே வரிசை இன்ஜினின் தகட்டில் மாடல், ஸ்பெசிஃபிகேஷன் எண், வரிசை எண் ஆகிய மூன்றும் இருக்கும். பாகம் கேட்கும்போது நடுவில் உள்ள ஸ்பெசிஃபிகேஷன் எண்ணைத் தவறாமல் சொல்ல வேண்டும். ஒரே மாடல் இன்ஜினே வெவ்வேறு டிராக்டர் நிறுவனங்களுக்காக வெவ்வேறு தண்டு, ஆயில் பேன், கார்புரேட்டர் ஆகியவற்றுடன் அனுப்பப்பட்டது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜினின் மேல் தகட்டு உறையில் மாடல், வகை, குறியீடு என மூன்று எண்கள் அடிக்கப்பட்டிருக்கும். குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்கள் அது செய்யப்பட்ட நாளைச் சொல்லும்: 710815 என்று தொடங்கினால் 1971 ஆகஸ்ட் 15. இவ்வகைப் பெரிய இன்ஜின்களில் மாடல் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் கன அங்குலத்தில் இன்ஜினின் கொள்ளளவைக் காட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இந்தத் தகடுகள் இன்ஜினைக் குளிர்விக்கும் காற்றைச் செலுத்தும், கழற்றி மாட்டக்கூடிய உறையில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. ஐம்பது ஆண்டுகளில் உறை மாறியிருக்கலாம், இன்ஜினே மாறியிருக்கலாம். கோலர் கே301, கே321 ஆகிய இரண்டும் வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றே. இரண்டின் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 3.25 அங்குலம். ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரின் விட்டத்தை அளந்தால்தான் உண்மை தெரியும்: கே241 என்றால் 3.25 அங்குலம், கே301 என்றால் 3.375, கே321 என்றால் 3.5, கே341 என்றால் 3.75. தகடு ஒன்று சொல்லி அளவு வேறொன்று சொன்னால் அளவையே நம்ப வேண்டும். அளவு இந்த எண்களைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால், சிலிண்டர் தேய்ந்திருக்கலாம், அல்லது முன்பே ஒருவர் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டியிருக்கலாம். பிஸ்டனின் தலையில் 10, 20, 30 என்று அடித்திருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு கூடுதல் என்பதைக் குறிக்கும்.

வார்ப்பிரும்புப் பாகங்களில் புடைத்துத் தெரியும் எண்ணை அப்படியே உதிரிபாக எண்ணாக எடுத்துக்கொள்வது பரவலாக நடக்கும் பிழை. அது வார்ப்பு எண். ஒரே வார்ப்பை இரண்டு விதமாகக் கடைந்து, இரண்டு உதிரிபாக எண்களில் விற்ற நிறுவனங்கள் உண்டு. வார்ப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம், விற்பவரிடம் ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும். ஆனால் பாகத்தை உறுதி செய்ய வேண்டியது பட்டியலில் உள்ள எண்ணைக் கொண்டே.

எந்தக் கையேடு, எங்கே

ஒரு வண்டிக்கு நான்கு வகை நூல்கள் உண்டு: ஓட்டுநருக்கான கையேடு, உதிரிபாகப் பட்டியல், பழுதுநீக்கும் சர்வீஸ் கையேடு, இன்ஜின் நிறுவனம் தனியாக வெளியிட்ட இன்ஜின் கையேடு. இவற்றில் முதலில் தேட வேண்டியது உதிரிபாகப் பட்டியல் என்பது என் உறுதியான கருத்து. அதில் உள்ள பிரித்துக் காட்டும் படம் எண்ணை மட்டும் தருவதில்லை. எந்த வாஷர் எதற்கு முன் வர வேண்டும், எந்த இடத்தில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) இருக்க வேண்டும், உங்கள் வண்டியில் ஏற்கெனவே எது காணாமல் போயிருக்கிறது என்பதையும் அதுவே சொல்லும். சர்வீஸ் கையேடு தேய்மான எல்லைகளையும் போல்ட்டுகளை இறுக்க வேண்டிய முறுக்கு அளவுகளையும் தரும்; அது இன்ஜினைத் திறக்கும் நாளுக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

தேடும்போது நிறுவனங்கள் தங்கள் நூல்களுக்கு இட்ட குறியெழுத்துகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஜான் டீரில் ஓஎம் (OM) என்றால் ஓட்டுநர் கையேடு, பிசி (PC) என்றால் உதிரிபாகப் பட்டியல், எஸ்எம் (SM) அல்லது டிஎம் (TM) என்றால் சர்வீஸ் கையேடு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் காலத்துக் கப் கேடட் வண்டிகளுக்கு டிசி (TC) என்று தொடங்குவது பட்டியல், ஜிஎஸ்எஸ் (GSS) என்று தொடங்குவது சர்வீஸ் கையேடு. கோலரின் ஒற்றைச் சிலிண்டர் கே வரிசைக்கான சர்வீஸ் கையேட்டின் எண் டிபி-2379 (TP-2379). வண்டியின் பெயரைவிட இந்த எண்ணைக் கொண்டு தேடினால் சரியான நூல் விரைவில் அகப்படும்.

நிறுவனங்கள் கைமாறிய வரலாறும் இங்கே பயன்படும். வீல் ஹார்ஸை 1986இல் டோரோ வாங்கியது. பழைய வீல் ஹார்ஸ் மாடல் எண்ணை டோரோவின் இணையதளத்தில் இட்டால் பல வண்டிகளுக்கான கையேடுகள் கட்டணமின்றிக் கிடைக்கும். கப் கேடட் 1981இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரிடமிருந்து எம்டிடி நிறுவனத்துக்குச் சென்றது. கிரேவ்லியை 1982இல் ஏரியன்ஸ் வாங்கியது. சிம்ப்ளிசிட்டி 2004இல் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனிடம் சேர்ந்தது. போலன்ஸ் பெயர் 2001இல் அதன் உரிமையாளரான கார்டன் வே நொடித்த பிறகு எம்டிடியிடம் போனது. டெகம்சே 2008இன் இறுதியில் சிறிய பெட்ரோல் இன்ஜின் தொழிலையே நிறுத்திவிட்டதால், அதன் கையேடுகளுக்குப் பிறர் சேமித்து வைத்த பிரதிகளைத்தான் நாட வேண்டும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ஆவணங்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அச்சு விளம்பரங்களையும் புகைப்படங்களையும் கொண்டு அசல் வண்ணத்தையும் ஸ்டிக்கர்களின் இடத்தையும் அறிய விரும்புவோர் அங்கிருந்து தொடங்கலாம்.

உங்கள் மாடலுக்குக் கையேடு கிடைக்காவிட்டால் அதன் உடன்பிறப்பைத் தேடுங்கள். அலிஸ்-சாமர்ஸ் பெயரில் வந்த சிறிய தோட்ட டிராக்டர்களில் பல சிம்ப்ளிசிட்டி செய்துகொடுத்தவை. வண்ணமும் ஸ்டிக்கரும் வேறு, உள்ளிருக்கும் இயந்திரம் பெரும்பாலும் ஒன்று.

ஸ்கேன் செய்த பிரதியை வாசிக்கும்போது 3, 6, 8 ஆகியவற்றைப் பிரித்தறிவது கடினம். நல்ல பட்டியல்களின் கடைசிப் பக்கங்களில் எண் வரிசையில் ஓர் அட்டவணை இருக்கும்; படத்துக்கு அருகில் கண்ட எண் அங்கேயும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாகத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

எண்ணிலிருந்து பாகத்துக்கு

பட்டியலில் உள்ள எண் இன்று வழக்கத்தில் இல்லாததாக இருக்கலாம். நிறுவனங்கள் பழைய எண்ணை ரத்து செய்து புதிய எண் கொடுத்தபடியே இருந்தன. சில பாகங்களுக்கு இவ்வாறு பலமுறை எண் மாறியிருக்கும். பழைய இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் எண்களின் முன்னால் ஐஎச் என்ற எழுத்துகளைச் சேர்த்து இன்றும் பட்டியலிடுவதைக் காணலாம். விற்பவரிடம் பழைய எண்ணையும் சொல்லி, அது இப்போது எந்த எண்ணாக மாறியிருக்கிறது என்று கேட்டால் பல நேரங்களில் பாகம் அலமாரியிலேயே இருக்கும்.

பேரிங், ஆயில் சீல், பெல்ட், சாவி (தண்டையும் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் சிறு உலோகத் துண்டு), போல்ட் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் டிராக்டரின் எண்ணே வேண்டியதில்லை. இவை பெரும்பாலும் பொதுவான தர அளவுகளில் செய்யப்படுபவை. பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, ஓரத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எண் தெரியும். 6203 என்றால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர். 6204இலிருந்து கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கும், அதாவது 6204க்கு 20, 6205க்கு 25. அதன் பின் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றிருந்தால் உலோக மூடி. டேப்பர் பேரிங்கில் உள்பகுதிக்கும் வெளிக்கிண்ணத்துக்கும் தனித்தனி எண்கள் உண்டு. இரண்டையும் குறிக்க வேண்டும்.

ஆயில் சீலில் எண் அழிந்திருந்தால் தண்டின் விட்டம், சீல் உட்காரும் துளையின் விட்டம், தடிமன் ஆகிய மூன்று அளவுகள் போதும். தண்டைச் சீலின் உதடு உரசிய இடத்தில் அளக்கக் கூடாது. அங்கே விரல்நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதற்குச் சற்றுத் தள்ளித் தேயாத இடத்தில் அளக்க வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் புதிய சீல் போட்டும் எண்ணெய் கசியும் என்பதால், தண்டின் மேல் ஏற்றும் மெல்லிய எஃகு உறையையும் சேர்த்து வாங்குவது நல்லது.

பெல்ட்டில் 4எல்430 என்றிருந்தால் அகலம் அரை அங்குலம், வெளிச்சுற்றளவு 43 அங்குலம். 5எல் என்றால் அகலம் 21/32 அங்குலம். ஆனால் கிளட்ச் வேலையைச் செய்யும் பெல்ட்டுக்கு அளவு மட்டும் பொருந்தினால் போதாது. பல வண்டிகளில் அராமிட் இழை கொண்ட, வழுக்கி ஓடத் தாங்கும் பெல்ட்டையே நிறுவனம் கேட்டிருக்கும். அந்த இடத்தில் மட்டும் நிறுவனத்தின் பெல்ட்டையே வாங்குங்கள். அரைவட்ட வடிவ உட்ரஃப் சாவியின் எண்ணும் அளவையே சொல்கிறது: 404 என்றால் அகலம் 4/32, விட்டம் 4/8 அங்குலம். போல்ட்டின் தலையில் மூன்று கோடுகள் இருந்தால் கிரேடு 5, ஆறு கோடுகள் இருந்தால் கிரேடு 8. ஆறு கோடு இருந்த இடத்தில் கோடே இல்லாத போல்ட்டை மாட்டக் கூடாது.

டெல்கோ-ரெமி ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரைப் புதிதாகத் தேடி அலைவதைவிட, பழைய கார்களின் மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரஷ், பேரிங் மாற்றிக்கொள்வது எளிது.

பழைய பாகங்களை வாங்கும்போது

இயங்காத, அதே மாடல் வண்டி ஒன்று முழுதாகக் கிடைத்தால், தனித்தனியாகப் பாகம் சேர்ப்பதைவிட அதுவே பெரும்பாலும் சிக்கனமானது. படத்தில் காட்டாத பிராக்கெட்டுகள், லிங்க்குகள், சிறப்பு வடிவப் பின்கள் எல்லாம் அதனோடு வந்துவிடும்.

தொலைவிலிருந்து வாங்குவதானால் விற்பவரிடம் வெர்னியர் வைத்து எடுத்த படத்தைக் கேளுங்கள். கோலர் கே241 முதல் கே341 வரை கிராங்க் பின்னின் (கனெக்டிங் ராட் மாட்டும் கிராங்க் பகுதியின்) மூல விட்டம் 1.5 அங்குலம், அளவு குறைந்தும் நீள்வட்டமாகத் தேய்ந்தும் இருந்தால் கடைய வேண்டும். அதற்கேற்ப 0.010 அங்குலம் குறைந்த கனெக்டிங் ராட் கிடைக்கிறது. சிலிண்டரையும் கிராங்கையும் பட்டறையில் அளந்து முடிவு செய்யும் வரை பிஸ்டனையோ ராடையோ வாங்காதீர்கள். பயன்படுத்திய அலுமினியம் கனெக்டிங் ராடை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது உடைந்தால் இன்ஜின் பிளாக்கையும் துளைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும்.

‘பெட்டி பிரிக்காத பழைய அசல்’ என்ற விவரிப்பு இரும்புப் பாகங்களுக்குப் பெருமை, ரப்பருக்கு அல்ல. நாற்பதாண்டுகள் அலமாரியில் கிடந்த டயாஃப்ரம், ஆயில் சீல், எரிபொருள் குழாய் ஆகியவை கடினமாகி வெடித்திருக்கும். அக்காலத்துப் பிரேக் பட்டைகளிலும் கிளட்ச் தட்டுகளிலும் ஹெட் கேஸ்கட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைக் காற்றடித்துத் தூசி தட்டக் கூடாது. ஈரப்படுத்தித் துடைத்து, புதியவற்றை மாட்ட வேண்டும்.

எங்கும் கிடைக்காத பாகங்களைச் செய்துகொள்ளலாம். கேஸ்கட்டை அதே தடிமனுள்ள கேஸ்கட் தாளில் வெட்டிக்கொள்ளலாம், வெண்கலப் புஷ்ஷை லேத்தில் கடையலாம், ஸ்டிக்கரைப் பழையதன் மேல் ஒற்றியெடுத்து வினைலில் அச்சிடலாம். இவ்வாறு செய்ய வேண்டியிருப்பதால், பழைய பாகம் எவ்வளவு உடைந்திருந்தாலும் புதியது பொருந்தி ஓடும் வரை அதைத் தூக்கிப் போடக் கூடாது, மாதிரி அதுதான். ஸ்டீயரிங் கைகளையும் பிரேக் தண்டுகளையும் மட்டும் தரம் தெரியாத இரும்பில் செய்ய வேண்டாம்.

கண்டுபிடித்த மாற்று எண் ஒவ்வொன்றையும் உதிரிபாகப் பட்டியலின் அச்சுப் பிரதியில், பழைய எண்ணுக்கு அருகிலேயே, அளவுடனும் வாங்கிய தேதியுடனும் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே சீலோ பெல்ட்டோ தேவைப்படும்போது, உங்களுக்கானாலும் வண்டியை உங்களிடமிருந்து பெறுபவருக்கானாலும், அந்தப் பக்கத்தைப் புரட்டினால் போதும்.