செஞ்சிக் கோட்டை: ராஜகிரியை முதலில் ஏறிவிடுங்கள்

செஞ்சிக்குப் போகிறவர்கள் பலர் ஒரே தவறைச் செய்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் கல்யாண மகால், குதிரை லாயம், களஞ்சியம், ஆனைக்குளம் எல்லாம் கண்ணில் படும். எல்லாவற்றையும் நிதானமாகச் சுற்றிப் படம் எடுத்து முடித்து, பதினொன்றரை மணிக்கு ராஜகிரியின் முதல் படியில் கால் வைப்பார்கள். பாதி வழியில் தண்ணீர் தீர்ந்துவிடும். கருங்கல் அடுப்பாகக் கொதிக்கும். திரும்பி இறங்கி வந்து, "பெரிசா ஒண்ணும் இல்லப்பா, வெறும் பாறை" என்பார்கள். கீழே உள்ள கட்டடங்கள் எங்கும் ஓடிவிடாது, அவற்றில் நிழலும் உண்டு. அதனால் மலை முதலில், மற்றதெல்லாம் பிறகு.

செஞ்சி ஒரு மலைக்கோட்டை அல்ல, மூன்று மலைக்கோட்டைகள். மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்றையும் இணைத்து முக்கோணமாக மதில் ஓடுகிறது. சுற்றுலாப் பயணிகள் ஏறுவது முதல் இரண்டில்தான். சந்திரகிரியில் புதர் மண்டிக் கிடக்கிறது, ஒழுங்கான பாதையும் இல்லை. அதைக் கீழிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராத்தியர் காலக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான்.

எப்போது போவது, எப்படிப் போவது

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியும் வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் விழுப்புரம் மாவட்ட வெயிலில் இந்த மலையை ஏறுவது வீரம் அல்ல, வீம்பு. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. பல காலடிகள் பட்டு வழவழப்பாகிவிட்ட படிக்கல், நனைந்ததும் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். மழையே வராவிட்டாலும் இடி இடிக்கும் வேளையில் உச்சியில் நிற்கக் கூடாது. சுற்றுவட்டாரத்தில் அதைவிட உயரமான இடம் கிடையாது.

தேதி பார்க்கும்போது காலண்டரில் இன்னொன்றையும் பாருங்கள். பௌர்ணமியன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகும் கூட்டம் இதே சாலையில்தான் போகும். அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் செஞ்சி வழியாகவே கூட்டம் திரளும். இந்த இரண்டு நாள்களிலும் பேருந்தில் நிற்க இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். கார்த்திகை தீபத்தின்போது கேட்கவே வேண்டாம். காணும் பொங்கலன்று கோட்டையே திருவிழாக் கோலத்தில் இருக்கும்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர். கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பேருந்தில் ஏறிச் செஞ்சியில் இறங்கலாம். புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ரயில் என்றால் திண்டிவனத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். கோட்டை ஊருக்குள் இல்லை. பேருந்து நிலையத்திலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் மேற்கே. கோட்டையருகே நிறுத்துவார்களா என்று நடத்துநரிடம் டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள். ஆட்டோவில் போனால் போக, வரச் சேர்த்து முன்கூட்டியே பேசி, ஓட்டுநரின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது வாசலில் ஆட்டோ நிற்கும் என்று நம்ப முடியாது.

நுழைவுக் கட்டணம், தொல்லியல் துறையின் கணக்குப்படி, இந்தியருக்கு 25 ரூபாய், இணையத்தில் எடுத்தால் 20. வெளிநாட்டவருக்கு 300, இணையத்தில் 250. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை. டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள், சாலைக்கு மறுபக்கம் இருக்கும் கிருஷ்ணகிரி வாசலிலும் கேட்பார்கள். முக்காலியும் ட்ரோனும் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது. மாலை ஐந்து மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். ஆனால் அதற்கு வெகுநேரம் முன்பே, பிற்பகலிலேயே, ராஜகிரிக்கு மேலே விடுவதைக் காவலாளிகள் நிறுத்திவிடுவார்கள். கெஞ்சிப் பயன் இல்லை, அவர்கள் செய்வது சரிதான். இருட்டில் இந்தப் படிகளில் இறங்க வழியே கிடையாது.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஒன்றரை போதுமே என்று தோன்றும், போதாது. ராஜகிரியில் கடை கிடையாது, குடிக்கத் தகுந்த தண்ணீர் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. அந்த வேலைகளைக் கீழேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, தொப்பி, வியர்வை துடைக்க ஒரு துண்டு. காலுக்குப் பின்பக்கம் பிடிப்புள்ள ஷூ. ரப்பர் செருப்பு ஏறும்போது ஒன்றும் செய்யாது, இறங்கும்போதுதான் வார் அறுந்து ஆளைத் தள்ளும்.

எல்லாம் தோளில் மாட்டி ஜிப் போடும் பைக்குள் இருக்கட்டும். கையில் எதுவும் வேண்டாம், குறிப்பாகப் பிளாஸ்டிக் பை. காரணம் குரங்குகள்.

செஞ்சிக் குரங்குகளுக்குக் கேரி பேக் என்றாலே சாப்பாடுதான். சரசரவென்ற அந்த ஓசை போதும், பாறைக்குப் பின்னாலிருந்து நாலைந்து வந்துவிடும். பளபளக்கும் குளிர்பான பாட்டில், கையில் வைத்திருக்கும் பிஸ்கட், தோளில் தொங்கும் மூக்குக்கண்ணாடி எதுவும் தப்பாது. பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள், இழுபறியில்தான் கடி விழும். பல்லைக் காட்டிச் சிரிக்கவோ கண்ணுக்குக் கண் முறைக்கவோ கூடாது, இரண்டையும் அது சண்டைக்கு அழைப்பதாகவே எடுத்துக்கொள்ளும். கடித்தாலோ நகம் கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே செஞ்சி அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

ராஜகிரி ஏற்றம்

ஏறத்தாழ 800 அடி உயரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். நடமாட்டப் பழக்கம் உள்ளவருக்கு ஒரு மணி நேரம், இல்லாதவருக்கு ஒன்றரை. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, படியின் உயரத்தில் இருக்கிறது. ஒரு படி அரை அடி, அடுத்தது முழங்கால் உயரம், அதற்கடுத்து சரிவான பாறை. வீட்டு மாடிப்படி போல ஒரே தாளத்தில் கால் ஏறாது. தொடக்கத்துப் படிகள் எளிதாக இருப்பதால் விறுவிறுவென்று ஏறி, கமலக்கண்ணியம்மன் கோயில் பக்கம் வரும்போதே மூச்சு வாங்குகிறவர்கள் நிறைய. பக்கத்தில் வருகிறவரோடு நிறுத்தாமல் பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு அறுபட்டால் நின்றுவிடுங்கள். உயரமான படிகளில் நேராக ஏறாமல் சற்றுக் குறுக்காக ஏறினால் முழங்காலுக்குப் பாரம் குறையும். தண்ணீரைத் தாகம் எடுத்த பிறகு மடக்மடக்கென்று குடிக்காமல், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு வாய் குடியுங்கள்.

தலைவலி, வாந்தி உணர்வு, வெயிலில் திடீரெனக் குளிர்வது போன்ற சிலிர்ப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் வாயில் மண்டபத்து நிழலில் உட்கார்ந்து தணிந்த பிறகு கீழே இறங்குங்கள், மேலே அல்ல.

ஏறும்போது மூச்சு வாங்க நிற்கத்தான் போகிறீர்கள். நிற்கும் இடத்தைக் கோட்டை வாயிலாகப் பார்த்து நில்லுங்கள், அங்கேதான் கோட்டையைப் படிக்க முடியும். எந்த வாயிலும் வந்த வழிக்கு நேர் எதிரே இருக்காது. ஒரு திருப்பம் திரும்பித்தான் நுழைய வேண்டும். யானையை ஓடவிட்டுக் கதவை மோதித் திறக்க நீளமான ஓட்டம் வேண்டும், திருப்பத்தில் அது கிடைக்காது. கதவு முன்னால் நெருக்கியடித்து நிற்கும் படையின் பக்கவாட்டில் மேலே மதில். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் எத்தனை பேர் உங்கள் மேல் கல் உருட்ட முடியும் என்று தெரியும். வாயில்களை எண்ணிக்கொண்டே ஏறுங்கள். களைப்பும் மறக்கும்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலையே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள இயற்கையான பிளவு. அதன் மேல் இப்போது நிலையான பாலம், அந்தக் காலத்தில் எடுத்துவிடக்கூடிய பாலம். அதை இழுத்துவிட்டால் கீழிருக்கும் அத்தனை மதிலும் விழுந்தாலும் உச்சி விழாது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டும், உள்ளே இருந்த சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பிப் போன பிறகுதான் கோட்டை கைக்கு வந்தது. பாலத்தின் நடுவில் நின்று கீழே பாருங்கள், அந்த எட்டு ஆண்டுகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பாலத்தில் எதிரே ஆள் வந்தால் கடந்து போக விட்டுப் பிறகு நுழையுங்கள்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியங்கள். களஞ்சியத்தை வெறும் இருட்டறை என்று தாண்டிப் போகாதீர்கள். நெல்லும் தண்ணீரும் மேலேயே இருந்ததால்தான் முற்றுகை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மழைநீரைப் பிடித்து வைத்த பாறைச் சுனைகளையும் தேடிப் பாருங்கள், குடித்துப் பார்க்க வேண்டாம். காற்று பலமாக அடிக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத பாறை விளிம்பில் செல்ஃபிக்காகப் பின்னால் நகர்வதுதான் இங்கே உள்ள ஆபத்துகளில் பெரியது. முக்கால் மணி நேரம் மேலே இருக்கலாம். பாட்டிலில் கால் பங்கு தண்ணீர் மிச்சமிருக்கும்போதே இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

இறக்கத்தில்தான் விழுவார்கள். தொடை நடுங்கும், கவனம் பேச்சில் இருக்கும். உயரமான படிகளில் பக்கவாட்டாகத் திரும்பி, கையைப் பாறையில் ஊன்றி இறங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி கொண்டுவருவது நல்லது, குரங்குக்கும் உதவும்.

கீழே

பன்னிரண்டு மணிக்குள் கீழே வந்துவிட்டால் உச்சி வெயில் முழுதும் கட்டட நிழலில் கழியும். கல்யாண மகால் அடுக்கடுக்காக எழும் சதுர கோபுரம், கூர்நுனிக் கூரை. சுடுமண் குழாய் வழியாக மேல் மாடிகளுக்குத் தண்ணீர் போன ஏற்பாட்டின் தடயங்களைத் தேடுங்கள். மாடியேற அனுமதி அன்றன்றைய நிலையைப் பொறுத்தது. களஞ்சியத்துக்குள் நுழைந்ததும் குளுமை முகத்தில் அடிக்கும், சுவரின் கனம் அப்படி.

வெளிக்கோட்டையில் வேங்கடரமணர் கோயிலைத் தவறவிடாதீர்கள். கோபுர வாயிலின் உட்சுவரில் ராமாயணக் காட்சிகள் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன, கைவிளக்கு இருந்தால் நன்றாகத் தெரியும். உயரமான தூண்கள் சில இங்கே இல்லையே என்று தோன்றினால், பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனவற்றைப் புதுச்சேரிக் கடற்கரையில் பார்க்கலாம். புதுச்சேரி வாயிலை ஒட்டி சாதத்துல்லா கான் மசூதி. 1714ல் தேசிங்கு ராஜனைப் போரில் வீழ்த்திய ஆற்காடு நவாப் அதே சாதத்துல்லா கான்தான். தேசிங்கின் உடலை எரித்ததும் ராணி உடன்கட்டை ஏறியதும் செட்டிக்குளக் கரையில் என்று ஊரார் சொல்வார்கள். ஒரே பிற்பகலில் இரண்டையும் பார்க்கலாம்.

சுவரில் பெயர் கிறுக்குவது பழங்காலச் சின்னங்கள் சட்டப்படி குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். ஏற்கெனவே கிறுக்கியிருக்கும் காதலர்களின் பட்டியல் நீளம்தான், அதில் சேர வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி

ராணிக்கோட்டை என்றும் சொல்வார்கள். உயரம் குறைவு, முப்பது நாற்பது நிமிடத்தில் ஏறிவிடலாம். மேலே குவிமாடம் கொண்ட தர்பார் மண்டபம், கோயில்கள், களஞ்சியங்கள். காற்று வீசும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்தால் எழுந்துவர மனம் வராது. ஒரே நாளில் இரண்டு மலையும் முடியுமா என்றால், காலுக்குப் பழக்கம் இருந்தால் முடியும். இல்லையென்றால் ராஜகிரியோடு நிறுத்திக்கொண்டு வேங்கடரமணர் கோயிலுக்கு நேரம் கொடுங்கள். வயதானவர்கள், ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் உடன் வந்தால் ராஜகிரியை விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி மட்டும் ஏறுவது புத்திசாலித்தனம். ராஜகிரியின் முழு உருவமும் அங்கிருந்துதான் படத்தில் அமையும். அதற்குக் காலை வெயில் வேண்டும், மாலையில் சூரியன் எதிரே இருப்பதால் மலை கறுத்துப்போகும்.

இரவு தங்கினால் மறுநாள் காலை சிறுகடம்பூர்த் திருநாதர் குன்றுக்குப் போய்வரலாம். செஞ்சியை ஒட்டியே இருக்கிறது. பெரிய பாறையில் சமணர்களின் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக, பக்கத்தில் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரைச் சொல்லும் பழைய கல்வெட்டு. ராஜகிரி ஏறிய மறுநாள் கால்கள் கெஞ்சும்தான். ஆனால் இது சிறிய குன்று, வெயில் ஏறுவதற்குள் இறங்கி எட்டரை மணிப் பேருந்தைப் பிடித்துவிடலாம்.